கல்லு மேல நின்ன மச்சான்

எங்க அக்காவைக் கட்டுன மச்சானை நீங்க ஒரு எடத்துல நிறுத்தி வச்சீங்கன்னா, திரும்பி வந்து கூப்பிடுற வரைக்கும் அங்கயேதான் நிப்பாரு. கல்யாணத்தன்னைக்கே இது வெளிச்சமாயிருச்சு. படம் புடிக்க வந்த பசறைக்காரன், "மாப்பிள்ளை, இந்த வாழை மரத்துக்கிட்ட நில்லுங்க, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாறேன்"னு சொல்லிட்டுப் போனான். போன எடத்துல யாரோ அவனுக்கு எலையைப் போட்டுட்டாங்க. பந்தி முடிஞ்சு, எச்சிலை எடுத்து, சமையக்காரங்க அண்டாவைத் தேய்க்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் அக்கா கேக்குது, அவரை எங்கன்னு. போய்ப் பாத்தா மழை தூறுது, மாலை தொங்கிப் போச்சு, பட்டு வேட்டியோட வாழை மரத்துக்குப் பக்கத்துல இன்னொரு வாழை மரமா நிக்கிறாரு. ஏன் மச்சான் வரலைன்னு கேட்டேன். நில்லுன்னு சொன்னாருல்லன்னாரு.

அக்காவுக்கு ஒரு மடையனைப் புடிச்சுக் குடுத்துட்டோம்னு அன்னைக்கு நெனைச்சேன். எங்க குடும்பத்துல அந்த வேலையை நான் ஒருத்தனே நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், கூட ஒரு ஆள் தேவையில்லையேன்னு கொஞ்சம் பொறாமையும்.

பெரிய ஒடம்பு அவருக்கு. கொஸ்லந்தப் பக்கத்து ஆளு. எங்க லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டு, வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வரணும், அதையும் பாதி நாள் மறந்துருவாரு, நெத்தியில எப்பவும் ஒரு வீக்கம். வேலை கவ்வாத்து. தேயிலைச் செடியை முட்டிக்கு மேல வெட்டித் தள்ளுற வேலை, சரிவுல ஒரு கால் மேல ஒரு கால் கீழன்னு நாள் பூரா நிக்கணும். சாயந்தரம் வரும்போது அட்டை கடிச்ச ரத்தம் கணுக்கால்ல காஞ்சு கெடக்கும். வந்தா பேச்சு கெடையாது. ஒரு பெருமூச்சு விடுவாரு. கொடியில காயிற துணியெல்லாம் ஆடும். அவ்வளவுதான், அன்னைக்கு அவரு பேசுனதுன்னு வச்சுக்கலாம்.

அவரு எங்க வீட்டுக்கு வந்ததே நிக்கிறதுக்குத்தான். எங்க தேயிலைத் தோட்டத்துல ஒரு சட்டம் இருக்கு. லயத்துல ஒரு காம்பரா, அதான் நாங்க குடியிருக்கிற ஒத்தை ரூமு, அது ஒங்களுக்கு வேணும்னா அந்தக் காம்பராவுல ஒரு ஆளாவது தோட்டத்துல பேர் பதிஞ்சு வேலை செய்யணும். ஒரே ஒரு ஆள் போதும். மத்தவங்க கொழும்புக்குப் போகலாம், வெளிநாடு போகலாம், என்னை மாதிரி சும்மா மல்லாந்து கெடக்கலாம். அந்த ஒரு ஆளும் இல்லேன்னா தோட்டத்துல இருந்து வந்து பூட்டுப் போட்டுருவாங்க. அப்பா செத்ததுக்கு அப்புறம் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துக் காம்பராவைக் காப்பாத்துச்சு. அம்மாவுக்கு வயசாயிருச்சுன்னு வேலையை நிறுத்துனப்ப என்னைப் பதிஞ்சாங்க. ரெண்டு வாரத்துல எனக்குத் தோட்டம் சலிச்சுப் போச்சு, தோட்டத்துக்கு நான் மொத நாளே சலிச்சுப் போயிருந்தேன். பசறையில வாடகைக்கு ஆட்டோ ஓட்டப் போயிட்டேன். அதனால அக்காவுக்கு மாப்பிள்ளை தேடும்போது, படிச்சவனா, அழகானவனான்னு யாரும் பாக்கல. நம்ம தோட்டத்துல பேர் பதிய சம்மதிப்பானான்னுதான் பாத்தோம்.

மாமியா வீட்டு மாப்பிள்ளைன்னு லயத்துல கேலி பண்ணுவாங்க. அவரு கோவிச்சுக்க மாட்டாரு. யாராவது நிக்கணும்லன்னு சொல்லிட்டுப் போயிருவாரு.

அவருக்குன்னு இன்னொரு சொல்லும் இருந்துச்சு. "நான் நிக்கிறேன், நீங்க போங்க." பீலிக் குழாயடியில தண்ணிக்கு வரிசையா கொடத்தை வச்சுட்டு எல்லாரும் அடுப்பைப் பாக்கப் போயிருவாங்க, அத்தனை கொடத்துக்கும் காவலா இவரு நிப்பாரு. பசறை பஸ்ல சீட்டுக் கெடைச்சா அடுத்த ஸ்டாண்டுல ஏறப்போற யாருக்காகவோ இப்பவே எந்திரிச்சுருவாரு. ஒரு தடவை முட்டி வலின்னு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாரு. காலையில போன ஆளு பொழுது சாய வந்தாரு. டாக்டர் என்ன சொன்னாருன்னு அம்மா கேட்டுச்சு. வரிசையில பின்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தரா வடை திங்கப் போறேன், டீ குடிக்கப் போறேன், புள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன்னு இவருகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. இவரு எல்லாருக்கும் எடம் புடிச்சு, வந்தவங்களை முன்னாடி விட்டு, விட்டு, கடைசியில டாக்டர் எந்திரிச்சுப் போயிட்டாரு. முட்டி அப்படியே திரும்பி வந்துருச்சு.

வீட்டுக்குள்ளயும் ஒக்கார மாட்டாரு. எங்க பக்கத்துல மருமகன் முன்னாடி மாமியா ஒக்காரக் கூடாது. அதே மாதிரி, மாமியா நிக்கும்போது நான் எப்படி ஒக்காருறதுன்னு இவருக்கு. இருக்கிறது ஒத்தைக் காம்பரா. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டே டீ குடிப்பாங்க. நடுவுல நான் ஒருத்தன் படுத்திருப்பேன்.

கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போச்சு. மொத லீவுல வந்தப்ப சவர்க்காரம், போர்வை, பேரீச்சம்பழம் எல்லாத்தோடயும் ஒரு கேம் பெட்டியும் வந்துச்சு. டிவியில மாட்டி வெளையாடுறது. அந்த வீட்டுப் புள்ளைங்களுக்குப் புதுசு வந்துருச்சுன்னு பழசைக் குப்பைக்குக் கொண்டு போனாங்களாம், அக்கா கேட்டு வாங்கிக்கிச்சு. உள்ள ஒரு தட்டு மாட்டிக்கிட்டு வெளிய வர மாட்டேன்னுச்சு. அதனால எங்களுக்கு வாழ்க்கையிலேயே ஒரே ஒரு கேம்தான். புடிச்சு ஆட்டுற ரிமோட்டும் ஒண்ணுதான் உசுரோட இருந்துச்சு.

கேம்ல மூணு பேரு. ஒரு பாழடைஞ்ச மாளிகைக்குள்ள சிக்கிக்கிட்டானுங்க, கதவு கதவாத் தாண்டி வெளிய வரணும். ஒருத்தன் மொட்டைத் தலை, எருமை ஒடம்பு, பாறையையே தள்ளுவான். ஒருத்தி ஈர்க்குச்சி மாதிரி இருப்பா, கயித்தை வீசி எந்தச் செவுத்துலயும் ஏறிருவா. மூணாவது ஆளு குள்ளன், தலையில ஒரு சட்டியைக் கவுத்திருப்பான், எலிப் பொந்துலகூட நொழைவான், ஆனா தன் நெழலைப் பாத்தே பயந்துக்குவான். அவனுங்க பேசுற பாஷை எங்களுக்கு வெளங்கல. நாங்களே மொட்டை, குச்சி, சட்டின்னு பேர் வச்சோம்.

ஒரு நேரத்துல ஒரு ஆளைத்தான் ஓட்டலாம். ஒரு பொத்தானை அமுக்குனா அடுத்த ஆளுக்கு மாறும், மத்த ரெண்டும் விட்ட எடத்துலயே நிக்கும். அங்கங்க தரையில கல்லுப் பலகை பதிச்சிருக்கும். அது மேல ஒரு ஆள் ஏறி நின்னா கதவு தெறக்கும், எறங்குனா மூடிக்கும். அப்ப ஒரு ஆள் நிக்கணும், மத்த ரெண்டும் கதவைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் எதையாவது இழுத்துவிட்டு, நின்ன ஆளையும் வெளிய எடுக்கணும். மூணு பேரும் வாசலுக்கு வந்து சேந்தாத்தான் அடுத்த கட்டம். ரெண்டு பேரு வந்து பிரயோசனமில்ல.

நான் ஓட்டுனா மூணும் சாகும். சட்டியை ஆணிக் குழியில எறக்குவேன், குச்சியை அந்தரத்துல விட்டுட்டு பொத்தானைத் தேடுவேன், மொட்டையை அவன் தள்ளுன பாறைக்கே அடியில வச்சு நசுக்கியிருக்கேன். ஆள் செத்தா ஒரு கோமாளி மேளம் அடிச்சு மறுபடி நிறுத்தி வைக்கும். அந்த மேளச் சத்தம் கேட்டா அடுப்படியில இருந்து அம்மா, இன்னும் எத்தனை தடவைடா சாவேன்னு கேக்கும். அக்காதான் கெட்டிக்காரி. குவைத்துல அந்தப் புள்ளைங்க வெளையாடும்போது தரை தொடைச்சுக்கிட்டே பாத்துப் பாத்து எல்லாம் மனசுல வச்சிருந்துச்சு.

மச்சான் மொட்டையைத் தவிர வேற ஆளைத் தொட மாட்டாரு. மொட்டை முறை வரும்போது அக்கா ரிமோட்டை அவரு கையில குடுக்கும். அந்தக் கையில ரிமோட்டு தீப்பெட்டி மாதிரி இருக்கும். மெதுவா, சாமி தூக்குற மாதிரி மொட்டையை நடத்திக்கிட்டுப் போய்க் கல்லு மேல ஏத்தி நிறுத்துவாரு. நிறுத்திட்டு ரிமோட்டைத் திருப்பிக் குடுத்துருவாரு. "நான் நிக்கிறேன், நீங்க போங்க."

ரொம்ப நேரம் நிறுத்தி வச்சா அவனுங்க சேட்டை பண்ணுவானுங்க. மொட்டை மொதல்ல மூக்கைச் சொறிவான். கொட்டாவி விடுவான். நம்ம பக்கம் திரும்பி ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி திட்டுவான். அதுக்கும் ஆள் போகலைன்னா குத்தவச்சு ஒக்காந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவான். ஆனா கல்லை விட்டு எறங்க மாட்டான். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு புடிச்சுக்கும். அவன் அழணும்னே அக்காகிட்ட ஏதாவது கதை குடுத்து நேரத்தை இழுப்பேன். மச்சான் மட்டும் சிரிக்க மாட்டாரு. டிவிக்குப் பக்கத்துல போயி, மெதுவா, "இருடா, வந்துருவாங்க"ம்பாரு.

கடைசிக் கட்டத்துல நாங்க மாட்டிக்கிட்டோம். வெளி வாசல்ல பெரிய பாறை ஒண்ணு அடைச்சுக்கிட்டு இருக்கு, அதைத் தள்ள மொட்டையாலதான் முடியும். ஆனா அந்த வாசலுக்குப் போற கதவைத் தெறந்து வச்சிருக்கிறதும் மொட்டைதான், கல்லு மேல நின்னுக்கிட்டு. அவன் எறங்குனா கதவு விழுந்துரும். குச்சியை ஏத்தி நிறுத்துனோம், கல்லு அமுங்கல. சட்டியை ஏத்துனோம், அமுங்கல. ரெண்டுமே கனம் பத்தாத ஆளுங்க. அக்கா எல்லாத்தையும் செஞ்சு பாத்துச்சு, அதுக்குள்ள லீவு முடிஞ்சு போச்சு. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறும்போது அக்கா அழுதுக்கிட்டே அவருகிட்ட சொன்னது, ஒடம்பைப் பாத்துக்குங்க, அந்த மொட்டையை எப்படியாவது வெளிய எடுத்துருங்க, இவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழமை மத்தியானம் சோறு தின்னதும் அவரு டிவி முன்னாடி வந்து நிப்பாரு. நான் ஓட்டணும், அவரு பாக்கணும். வெளிய மழை, தகரத்துல சத்தம், பனிமூட்டம் உள்ள வரைக்கும் வந்துரும். எத்தனை ஞாயிறு போச்சுன்னு தெரியாது. எனக்கே அந்த மாளிகை மேல வெறுப்பு வந்துருச்சு. மச்சான், விடுங்க, அவன் அங்கயே இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். இன்னும் ஒரு தடவை பாப்போம்பாரு.

ஒரு நாள் நான் குச்சியைச் சும்மா கல்லு மேல விட்டுட்டு, மேல் படியில சட்டியை ஓட்டிக்கிட்டு இருந்தேன். வழக்கம் போல விரல் வழுக்கிச்சு, சட்டி கீழ விழுந்தான். ஆணியில விழுவான்னு பாத்தா, நேரா குச்சி தோள் மேல போய் ஒக்காந்துட்டான். கல்லு கிர்ருன்னு அமுங்குச்சு. கதவு ஆடிச்சு, நடுங்குச்சு, தெறந்து நின்னுச்சு. குச்சி கால் ரெண்டும் தந்தியடிக்குது, மேல இருக்கிற சட்டி கண்ணை மூடிக்கிட்டு அலறுறான். என் ஆயுசுல நான் கண்டுபுடிச்சது அது ஒண்ணுதான், அதுவும் கை தவறி.

ஓட்டுங்க மச்சான், மொட்டையைக் கூட்டிட்டுப் போங்கன்னு ரிமோட்டைக் குடுத்தேன். வாங்குனாரு. அமுக்கல. மொட்டை கொட்டாவி விட்டான், திட்டுனான், அழுதான். ரிமோட்டு அவரு கையிலயே இருக்கு.

"அதுங்களுக்குக் கனமா இருக்கும்ல, மாப்ள"ன்னாரு.

கனமாத்தான் இருக்கும், சீக்கிரம் போங்கன்னேன். அப்புறம்தான் நடத்துனாரு. மொட்டை கதவைத் தாண்டிப் போய்ப் பாறையைத் தள்ளுனான், அது உருண்டு வந்து கதவுக்கு முட்டுக் குடுத்துச்சு, மத்த ரெண்டும் எறங்கி ஓடி வந்துருச்சுங்க. மூணு பேரும் வெளிய வந்து புல்லு மேல மல்லாக்கப் படுத்தானுங்க. மேல வானம். என்னென்னமோ எழுத்து ஓடிச்சு. அதோட சரி.

அப்புறம் என்னன்னு கேட்டாரு. அப்புறம் ஒண்ணும் இல்ல மச்சான், முடிஞ்சு போச்சுன்னேன். இவ்வளவு நாளா வெளிய வரணும்னு நின்னவன், வெளிய வந்து என்ன செய்வான்னு காட்ட மாட்டாங்களான்னாரு. எனக்குத் தெரியல. அவரு டிவியை அணைக்கவும் இல்ல, நகரவும் இல்ல.

அக்காவோட போன் வந்தது அதுக்கு அடுத்த வருஷம். அக்கா வேலை செய்யிற வீட்டுத் தோட்டக்காரன் ஊருக்குப் போயிட்டானாம். புருஷனையே கூப்பிட்டுக்கன்னு வீட்டம்மா சொல்லியிருக்கு, பின்னாடி ஒரு ரூமும் குடுக்கிறாங்களாம். ரெண்டு மாசத்துக்குள்ள வரலேன்னா வேற ஆள் பாத்துருவாங்க. கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்துல அதுங்க ரெண்டும் ஒண்ணா இருந்தது லீவு நாளு மட்டும்தான். போனை ஒலிபெருக்கியில போட்டிருந்தோம். அக்கா சுத்தி வளைக்கல. "எனக்கு அலுத்துப் போச்சுங்க. வந்துருங்க"ன்னுச்சு. அவ்வளவுதான்.

அவரு கேட்ட ஒரே கேள்வி, காம்பராவுக்கு யாருன்னு.

நான் எங்கயாவது கெடந்துக்கிறேன், நீங்க போங்க மருமகனேன்னு அம்மா சொல்லுச்சு. எங்கயாவதுங்கிறது எதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. அந்தக் காம்பராவை விட்டா எங்களுக்குப் பதுளை ஜில்லாவுல ஒரு குச்சி நட எடமில்ல. அப்ப நான் படுத்த எடத்துல இருந்து, சரி, நான் நிக்கிறேன்னு சொன்னேன். அம்மா சிரிக்க ஆரம்பிச்சுச்சு. சிரிப்பு இருமலாகி, இருமல் நிக்காம, கடைசியில மச்சான்தான் தண்ணி குடுத்தாரு.

ஆட்டோவைத் திருப்பிக் குடுத்துட்டுப் போய்ப் பேர் பதிஞ்சேன். கங்காணி என்னை மேல இருந்து கீழ பாத்தாரு. நீயான்னாரு. கவ்வாத்துக் கத்தியைக் குடுத்தாரு, மொத வெட்டுலயே என் சப்பாத்து மூக்கு போயிருச்சு. கால் தப்புனது அப்பா புண்ணியம். கத்தியைப் புடுங்கிக்கிட்டு, பொம்பளைங்களோட கொழுந்து எடுக்கப் போன்னு அனுப்பிட்டாரு. அன்னைக்கு அந்த மலையில யாருக்கும் அலுப்பே தெரியல, அவ்வளவு சிரிப்பு. ஒரு அக்கா, "தம்பி, அது கொழுந்து இல்ல, முத்துன எலை, அதை ஆடுகூடத் திங்காது"ன்னுச்சு.

சிரிப்பெல்லாம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும்தான். இத்தனை கிலோன்னு ஒரு அளவு இருக்கு. அதை எடுத்தா அன்னைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். கொறைஞ்சா அரைப்பேர். எனக்குத் தராசு முள்ளு அசையவே கூச்சப்பட்டுச்சு. அரைப்பேர், அரைப்பேர், அரைப்பேர். கங்காணி நல்ல மனுசன், சத்தம் போடல. என்னைத் தனியா கூப்பிட்டு, இப்படியே போனா ஆபீஸ்ல பேரை வெட்டிருவாங்கப்பா, அரைப்பேருக்கு முழுக் காம்பரா குடுக்க மாட்டாங்கன்னாரு.

மச்சான் தன் பேரை இன்னும் எடுக்கல. நான் முழுப்பேர் வாங்குற வரைக்கும் எடுக்க மாட்டேன்னுட்டாரு. ஒரு காம்பராவுக்கு அப்ப ரெண்டு ஆளு நிக்கிறோம், ஒரு ஆள் பெருசு, ஒரு ஆள் கணக்குல வராத ஆளு. விசா வந்துருச்சு. டிக்கெட் போடவான்னு பதுளை ஏஜென்ட் போன் மேல போன் போடுறான். சாயந்தரம் கவ்வாத்து முடிச்சு அவரு நேரா கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வந்து, தூரத்துல நின்னு முள்ளைப் பாப்பாரு. பாத்துட்டு என்கூட நடந்து வருவாரு. ஒரு நாள் வழியில நின்னுட்டாரு.

"முடியலேன்னா விடுங்க மாப்ள. நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்."

கோவம் இல்ல அந்தக் குரல்ல. வருத்தமா, இல்ல தப்பிச்சோம்ங்கிற நிம்மதியாங்கிறது எனக்கு இன்னைய வரைக்கும் புரியல. நிம்மதின்னுதான் பட்டுச்சு. அதுதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லவும் தேவையில்ல, லயத்துல சேதி நமக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துரும்.

மறுநாள் சாயந்தரம் மச்சான் வழக்கம் போல டீயைக் கையில வச்சுக்கிட்டு மூலையில நிக்கிறாரு. அம்மா அடுப்படியில இருந்து வந்துச்சு. வந்து, பலகையை இழுத்துப் போட்டு, அவரு முன்னாடியே ஒக்காந்துருச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. படுத்திருந்தவன் எந்திரிச்சுட்டேன்.

"மருமகனே, நீங்களும் ஒக்காருங்க."

அவரு இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. டீ சிந்துச்சு.

"ஒக்காருங்கன்னேன்ல. நாளையில இருந்து நான் இவன்கூட மலைக்குப் போறேன். என் ஒடம்புதான் கெழடு, கை இன்னும் கெழடாகல. நான் எடுக்கிறதை இவன் சாக்குல கொட்டுறேன். ரெண்டு அரை சேந்தா ஒண்ணு ஆகாமலா போயிரும்."

"ஒங்களுக்கு மூச்சு வாங்குமே அத்தை."

"ஒங்களுக்கு வாங்கலையா."

அவரு டீயைக் கீழ வச்சாரு. மெதுவா, செவுத்தைப் புடிச்சு, முட்டியை ஒவ்வொண்ணா மடக்கி, தரையில ஒக்காந்தாரு. ஒக்காந்த ஆளுக்கு அப்புறம் ரொம்ப நேரம் எந்திரிக்க முடியல. அன்னைக்குத்தான் அவருக்கு எவ்வளவு கால் வலின்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

அம்மா மலைக்கு வந்துச்சு. மூட்டத்துக்குள்ள எனக்குப் பின்னாடியே நிக்கும். வெடுக் வெடுக்குன்னு அந்த விரல் போறதைப் பாத்தா, இத்தனை நாளா நான் செடிக்குத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்னு வெளங்குச்சு. பொம்பளைங்க யாரும் வாயைத் தெறக்கல. கங்காணி அந்தப் பக்கம் வரும்போது செருமிக்கிட்டே வருவாரு, அம்மா செடிக்குப் பின்னாடி குனிஞ்சுக்கும், அவரு வானத்தைப் பாத்துக்கிட்டே போயிருவாரு. மதியத்துக்கு மேல அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். கல்லுல ஒக்காந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கும். அந்த நேரம் நான் மாடு மாதிரி எடுப்பேன். இப்பவும் அப்படித்தான். வாயால சிரிக்க வைக்கிறவனுக்குக் கையால வேலை செய்யிறது எவ்வளவு அசதின்னு கேட்டா, நான் படுத்துக்கிட்டேதான் பதில் சொல்லுவேன்.

முள்ளு அசைஞ்சுச்சு. மொத முழுப்பேர் விழுந்த அன்னைக்கு மச்சான் தராசுக்குப் பக்கத்துல வந்து நின்னு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்தாரு. அந்தக் கெழமை பூரா தெனமும் வந்து பாத்தாரு. அப்புறம்தான் டிக்கெட் போடச் சொன்னாரு, ஆபீசுக்குப் போய்த் தன் பேரை எடுக்கவும் எழுதிக் குடுத்தாரு.

போற அன்னைக்கு வேன் காலையில பசறையில நிக்குது. புதுச் சட்டை, புதுச் சப்பாத்து, நடந்தா கீச்சு கீச்சுங்குது. நேரா கீழ ரோட்டுக்குப் போக வேண்டியதுதானே. போகல. பையைத் தூக்கிக்கிட்டு எங்க பின்னாடியே பெரட்டுக்களத்துக்கு வந்துட்டாரு, காலையில ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற எடத்துக்கு. எதுக்கு மச்சான், வேன்காரன் திட்டுவான்னேன். ஒங்க பேரைக் கூப்பிடட்டும், கேட்டுட்டுப் போறேன்னாரு. ரெண்டு தடவை போன் அடிச்சுச்சு. எடுக்கல. பக்கத்துலயே நிக்கிறாரு, பழைய எடத்துலயே.

மூட்டத்துல கங்காணி மூஞ்சி தெரியல, குரல்தான் வருது. ஒவ்வொரு பேரா கூப்பிட்டுக்கிட்டு வந்தாரு. என் பேரு வந்துச்சு. நான் அம்மா எங்க நிக்குதுன்னு பாத்துக்கிட்டு இருந்துட்டேன். மச்சான் முழங்கையால ஒரு இடி குடுத்தாரு.

"இருக்கேங்க"ன்னேன்.

அவரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு. பையைத் தூக்கக் குனிஞ்சாரு. அப்பப் பாத்து கங்காணி, இத்தனை வருஷப் பழக்கத்துல, காயிதத்தைப் பாக்காமலே அடுத்தாப்புல மச்சான் பேரைக் கூப்பிட்டுட்டாரு.

குனிஞ்ச ஆளு நிமிந்துட்டாரு. கால் ரெண்டும் சேந்துருச்சு, வாய் தெறந்துருச்சு. நான் அவரு புதுச் சப்பாத்து மேல என் காலை வச்சு மிதிச்சேன்.

"ஆள் போயிட்டாருங்க"ன்னு நான் கத்துனேன்.

மொத்தப் பெரட்டும் திரும்பிப் பாக்குது. அங்க நிக்கிறதுலயே பெரிய ஆளு அவருதான், எப்படி மறைக்கிறது. கங்காணி மூட்டத்தை வெலக்கிக்கிட்டு கிட்ட வந்தாரு. கண்ணாடியை மேல தூக்கிவிட்டாரு. என்னைப் பாக்கல, அவரைத்தான் பாத்தாரு. சட்டையைப் பாத்தாரு, பையைப் பாத்தாரு.

"எங்கய்யா போயிட்டாரு?"

மச்சான் கீழ ரோட்டுப் பக்கம் பாத்தாரு.

"தெரியலைங்க"ன்னாரு. "போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிட்டாரு.